ஊரின் பெயருக்கும் ஆளின் பெயருக்கும் இடையில்

பனிமுகில் வானொலியின் மூன்றாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் பணிப்பாளர், பண்பிலும் பதவியிலும் மூத்த இராசரத்தினம் அண்ணை அவர்களே! அண்ணை எழுந்தால் எழுந்தும், அண்ணை இருந்தால் இருந்தும் சபை மரபு காத்துக்கொண்டிருக்கும் ஊர்ச்சங்கத் தலைவர்களே! வெண்கலக் குரலெடுத்து இந்த விழாவைத் தொகுத்து வழங்கும் அறிவிப்பாளர் பிரியந்தன் தம்பி அவர்களே! தமிழில் ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், நீங்கள் கைதட்டும்போதெல்லாம் தவறாமல் தானும் கைதட்டி, எங்களையெல்லாம் வெட்கப்பட வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருக்கும் ரேடியோப் பெட்டிக் கம்பனியின் வெள்ளைக்காரப் பிரதிநிதி அவர்களே!

இந்த ரொறன்ரோவின் டோர்செட் பார்க் மாடிகளிலிருந்து மின்தூக்கி பழுதென்று படியிறங்கி வந்தவர்களே! மில்லிக்கனிலிருந்து காரில் வந்து, கார் நிறுத்த இடமில்லாமல் இன்னும் முகம் கறுத்திருப்பவர்களே! ரெக்ஸ்டேலிலிருந்து பஸ்ஸும் ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி வந்து சேர்ந்தவர்களே! பகலில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை என்று உடம்பை இரண்டாகப் பகிர்ந்துகொண்டும், இன்று ஒரு மாலையை எங்களுக்காக ஒதுக்கிய உழைப்பாளிகளே! என்னைப் பெற்றவளின் சாயலை ஆளுக்குக் கொஞ்சமாக முகத்தில் தாங்கி என் எதிரே அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும், உங்கள் சப்பாத்துகளில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்து இந்த மண்டபத் தரையை நனைத்திருக்கும் கார்த்திகைப் பனிக்கும் சேர்த்து, என் வணக்கம்!

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் மக்டலீன். பனிமுகிலின் சந்தாப் பிரிவு என் பொறுப்பு. அதோ, ஒலிக் கருவிகளுக்குப் பின்னால் வயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாரே, அவர் எட்வேட். வானொலியின் பொறியியலாளர், வீட்டில் என் கணவர். இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'வீட்டுக்கு வீடு பனிமுகில்'. தலைப்பைத் தந்த பிரியந்தன் தம்பி, "அக்கா, நல்லா எழுப்பிப் பேசுங்கோ, சனம் கைதட்ட வேணும்" என்றும் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்.

எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் எழுப்பித்தான் பேசினார்கள். வானத்தை வளைப்போம் என்றார் ஒருவர். வையத்தை அளப்போம் என்றார் இன்னொருவர். நாளைய ரொறன்ரோ நமது ரொறன்ரோ என்றார் மூன்றாமவர். மண்டபம் அதிர நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிய கை இன்னும் நடுங்குகிறது, பாருங்கள்! குளிரா? இல்லை, மண்டபத்தில் சூடு தாராளமாகத்தான் இருக்கிறது. காய்ச்சலா? அதுவும் இல்லை. அன்பர்களே, எனக்குப் பயமாக இருக்கிறது!

சிரிக்கிறீர்கள். மேடையேறி மார்தட்டுவது மரபு, மேடையேறி நடுங்குவது மரபல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் ஏன் பயப்படுகிறேன் என்று கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அந்த மேசையைப் பாருங்கள். பட்டு விரித்து, நடுவில் புதிய மாதிரிப் பெட்டி ஒன்றை வைத்து, அதற்கு மாலையும் போட்டிருக்கிறார்கள். யார் அந்த மாலையைப் போட்டது? மாலை போட்ட எதைப் பார்த்தாலும் எனக்கு இப்போதெல்லாம் நெஞ்சு திக்கென்கிறது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. விழா முடிந்ததும், உங்கள் கண்முன்னே, கரகோஷத்தின் நடுவே அது கைச்சாத்தாகப் போகிறது. ஆயிரம் புதிய பெட்டிகள்! அதற்கு வங்கி தரும் கடனுக்கு ஈடு, எட்வேட்டும் நானும் பங்காளிகள் என்பதால் எங்களின் மில்லிக்கன் வீடு. மூன்று கையெழுத்து வேண்டும். இராசரத்தினம் அண்ணை, எட்வேட், நான். நான் இன்னும் போடவில்லை. எட்வேட், என்னைப் பார்க்காதேங்கோ, வயரைப் பாருங்கோ.

இந்த வீட்டைப் பற்றி நான் உங்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டுமா? வந்த நாளிலிருந்து எத்தனை பேஸ்மென்ற் வாடகை அறை, எத்தனை வீட்டுக்காரர், எத்தனை 'இரவில சமைக்காதேங்கோ', எத்தனை 'பிள்ளை ஓடித் திரியக்கூடாது' என்று நீங்களும் பட்டவர்கள்தான். என் பிள்ளை ஓடி விளையாடக் கிடைத்த முதல் தரை அது. அந்தத் தரையைத்தான் இன்று பட்டு விரித்த மேசையில் வைக்கச் சொல்கிறார்கள்.

பயப்படாமல் இருக்க முடியுமா?

சரி, எங்கள் தொழிலைக் கொஞ்சம் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான். சாதாரண ரேடியோவில் பனிமுகில் வராது, தனிப்பெட்டி வேண்டும். பெட்டியை நாங்கள் காசில்லாமல் தருகிறோம். நீங்கள் மாதாமாதம் சந்தா தருகிறீர்கள். காசில்லாமல் என்றேனே, யாருக்குக் காசில்லை? உங்களுக்கு! எங்களுக்குப் பெட்டிக்கு விலை உண்டு. பல்கனியில் ஏரியல் பூட்டப் போகிறவருக்குக் கூலி உண்டு. உங்களைச் சேர்த்துவிட்ட ஊர்ச்சங்கத்துக்கு அன்பளிப்பு உண்டு. இதுபோல விழா உண்டு, விளம்பரம் உண்டு, சேர்ந்த வீட்டுக்கு ஒரு ரைஸ் குக்கரும் உண்டு. இத்தனையையும் கூட்டிப் பார்த்தால், ஒரு வீடு எங்களோடு ஒன்றரை வருடம் இருந்தால்தான் அந்த வீட்டை உள்ளே கொண்டுவரப் போட்ட காசு திரும்பி வரும். அதற்குப் பிறகு வருவதுதான் எங்களுக்கு.

என்ன அண்ணை, பின்னுக்கு? குக்கர் நல்லா வேலை செய்யுதோ? மெத்தச் சந்தோஷம். சந்தா கட்டுறீங்களோ? ம்... நிப்பாட்டிப்போட்டீங்கள். அதைத்தான் அண்ணை நானும் சொல்ல வருகிறேன். குக்கர் நிலைத்தது, குடும்பம் நிலைக்கவில்லை!

கைதட்டாதீர்கள். இது கைதட்டுகிற விஷயமில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு வருடம் முடியுமுன்னே கழன்றுவிடுகிறார்கள். பாதி வீடு, அன்பர்களே! அவர்கள் ஒவ்வொருவர் மேலும் நாங்கள் போட்டது போட்டதுதான். அந்த ஓட்டையை அடைக்க இன்னும் நூறு வீட்டைச் சேர்க்கிறோம். அந்த நூறைச் சேர்க்க இன்னும் செலவு. அதிலும் பாதி கழன்றுபோகும். வேகமாக வளர வளர வேகமாக விழுகிற தொழில் ஒன்று உலகத்தில் உண்டென்றால், அது இப்படி நடத்தப்படும் சந்தாத் தொழில்தான்.

கலியாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு ஒருவர் நிற்பாரே, கண்டிருப்பீர்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவர் மேலும் அவர் பன்னீர் தெளிப்பார். வந்தவர் எத்தனை பேர் என்று அவரைக் கேட்டால் பெருமையாகச் சொல்லுவார். வந்தவர்கள் பந்தியில் இருந்தார்களா, பாதிச் சோற்றில் எழுந்தார்களா, பின்கதவால் போனார்களா? அவருக்குத் தெரியாது! மூன்று வருடமாகப் பனிமுகில் வாசலில் நின்று பன்னீர்தான் தெளித்தது. பந்தியில் என்ன கசந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"கேட்டனாங்கள்தானே அக்கா" என்று பிரியந்தன் தம்பி அங்கிருந்து கைகாட்டுகிறார். உண்மை. கேட்டோம். நானே தொலைபேசி எடுத்துக் கேட்டேன். என்ன பதில் வந்தது? "பெட்டி பழுதாப் போச்சுது, பிள்ளை." அடுத்த வீட்டில்? "ஒரே இரைச்சல், ஒண்டும் விளங்குதில்லை." அதற்கடுத்த வீட்டில்? "பெட்டி இழுக்குதில்லை." ஸ்காபரோவின் தெற்கிலும் அதே பதில், வடக்கிலும் அதே பதில், ரெக்ஸ்டேலில் கேட்டாலும் அதே பதில். பெட்டி பழுது! பெட்டி பழுது! பெட்டி பழுது!

எட்வேட் திரும்பி வந்த பெட்டிகளைக் கழற்றினார், பூட்டினார், மறுபடியும் கழற்றினார். "ஒரு பிழையும் இல்லையே, மக்டலீன்" என்று தலையைச் சொறிந்தார். பிறகு அந்த அப்பாவி மனிசன் என்ன சொன்னார் தெரியுமா? "இவ்வளவு சனமும் பொய் சொல்லுமே? என்ர சோதினைக் கருவியிலதான் ஏதோ பிழை" என்று கருவியையும் கழற்றிவிட்டார். பெட்டியில்தான் பழுதென்று முடிவாயிற்று. பழைய பெட்டி பழுதென்றால் என்ன செய்வது? புதிய பெட்டி. எத்தனை? ஆயிரம். காசு? வங்கி. ஈடு? என் வீடு. இப்படித்தான் அந்தப் பட்டு மேசைக்கு நாங்கள் வந்து சேர்ந்தோம்.

எங்கள் சனத்தை எங்களுக்கே தெரியாமல் போயிற்றே! எங்களில் யாராவது ஒருவர் முகத்துக்கு நேரே 'உங்கட சாமான் எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லுவோமா? கொண்டாட்டத்துக்குப் போக விருப்பமில்லை என்றால், "காருக்குச் சில்லுக் காத்துப் போச்சுது." சாப்பாடு வாய்க்குப் பிடிக்கவில்லை என்றால், "வயித்துக்குள்ள சரியில்லை, இல்லாட்டி இன்னும் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிடுவன்." அடுத்தவர் மனம் நோகக் கூடாதென்று நாங்கள் சொல்கிற மரியாதைப் பொய்! அந்த மரியாதையை ஆராய்ச்சி முடிவாக எடுத்துக்கொண்டு, வீட்டை ஈடு வைக்கப் புறப்பட்டவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

சென்ற மாதம் ஒரு பழுதான பெட்டியை எடுத்துவர நானே போனேன். டோர்செட் பார்க்கில், யூஜினி அக்கா வீட்டுக்கு. அக்காவிடம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். "இருங்கோ மக்டலீன், றோல்ஸ் போடுறன், சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்" என்று குசினிக்குள் போய்விட்டார். பெட்டி எங்கே என்று கேட்டேன். அலுமாரிக்குள்ளே என்றார். அலுமாரியைத் திறந்தேன். குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில், ஒரு துவாயில் சுற்றி, வயரை மடித்துக் கட்டி, தொட்டில் பிள்ளை போலப் பத்திரமாக வைத்திருந்தார்.

பழுதான சாமானை யார் துவாயில் சுற்றி வைப்பார்கள்?

எனக்கு ஏதோ உறைத்தது. வயரைச் சுவரில் செருகினேன். பெட்டி பாடியது! கணீரென்று பாடியது. பாட்டு முடிந்து சேலைக்கடை விளம்பரம் போயிற்று. விளம்பரம் முடிந்தது. அடுத்து, உங்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்த மெட்டு. மரண அறிவித்தலுக்கு முன்னால் நாங்கள் போடுகிற அந்த வயலின் மெட்டு.

யூஜினி அக்கா மாக்கையோடு குசினியிலிருந்து ஓடி வந்தார். "உந்தப் பெட்டியை நிப்பாட்டுங்கோ! மக்டலீன், உதை நிப்பாட்டுங்கோ!" நான் எழும்புமுன்னே அவரே வயரைப் பிடுங்கி எறிந்தார். எறிந்துவிட்டு அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். கதவெல்லாம் மா.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"என்ர தம்பி ஊரிலதான் நிக்கிறான். சண்டையில இடம்பெயர்ந்து எங்க போனானெண்டு தெரியாது. முந்தி நாள் முழுக்க உங்கட ரேடியோவைத்தான் கேட்டுக்கொண்டிருப்பன். அந்த மெட்டு வந்தால் செய்யிற வேலையை விட்டிட்டு வந்து பெட்டிக்கு முன்னால நிப்பன். 'பாசையூரைப் பிறப்பிடமாகவும்' எண்டு எங்கட ஊரில தொடங்கும். பிறகு பிரியந்தன் கொஞ்சம் இடைவெளி விடுவார். அந்தக் கொஞ்சத்துக்குள்ள நான் என்ர தம்பியைச் சாகக் குடுத்திடுவன். பிறகு வேற ஆரின்ரயோ பேர் வரும். 'அப்பாடா' எண்டு மூச்சு விடுவன். உடன வெக்கமாக் கிடக்கும். அதுவும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே? ஒரு நாளைக்கு எத்தினை தரம் மக்டலீன், நான் என்ர தம்பியைச் சாகக் குடுக்கிறது?"

"அப்ப ஏனக்கா பெட்டி பழுதெண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு மனம் நோகும் எண்டுதான்" என்றார். தம்பிக்காக நெஞ்சு வெடித்துக்கொண்டிருக்கும்போதும் என் மனம் நோகக் கூடாதென்று நினைத்திருக்கிறார். அன்று நான் றோல்ஸ் சாப்பிடவில்லை.

அதன்பிறகு வேறு வீடுகளுக்கும் போனேன். அலுமாரிகளைத் திறந்தேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். சூட்கேசுக்குள் பார்த்தேன். எல்லாப் பெட்டியும் பாடியது!

அன்பர்களே, பெட்டி பழுதில்லை! பெட்டி பழுதில்லை என்று தெரிந்த நாளிலிருந்துதான் எனக்கு இந்த நடுக்கம். பெட்டி பழுதென்றால் மாற்றிவிடலாம். இதை எப்படி மாற்றுவது?

நீங்கள் எப்படி எங்களிடம் வந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முந்திய அந்த ஐப்பசி. போருக்குப் பயந்து ஊரே ஒரே இரவில் மூட்டை கட்டி மழைக்குள் நடந்த அந்த நாட்கள். தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை, தகவல் இல்லை. மறுநாள் காலை பனிமுகில் வாசலில் வரிசை. பிளாசாக் கடைகளைச் சுற்றி வரிசை! "பெட்டி இருக்கோ? பெட்டி இருக்கோ?" நாங்கள் பூரித்துப் போனோம். பனிமுகிலின் புகழ் பரவிவிட்டதென்று அடுத்த விழாவில் பேசினோம். புகழா அது? பயம்! நீங்கள் பாட்டுக்கு வரவில்லை. நாடகத்துக்கு வரவில்லை. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிந்துகொள்ள வந்தீர்கள். பயம் உங்களைக் கொண்டுவந்தது. அதே பயம்தான் உங்களைக் கொண்டும்போனது. எங்கள் வாசலும் அதுதான், எங்கள் பின்கதவும் அதுதான்!

நாங்கள் என்ன செய்தோம்? மரண அறிவித்தலுக்கு நேரம் குறிக்கவில்லை. காலையிலும் வரும், மத்தியானமும் வரும், பிள்ளைக்குச் சோறு தீத்தும்போதும் வரும். நேரம் குறித்தால் சனம் அந்த நேரம் மட்டும் கேட்டுவிட்டு மூடிவிடும், விளம்பரக்காரர் கோபிப்பார்கள் என்று பனிமுகிலில் ஒரு முடிவு. தொழில் கணக்கில் அது கெட்டித்தனம். யூஜினி அக்காவின் குசினியில் அது சித்திரவதை.

பிரியந்தன் தம்பியை நான் குறை சொல்லவில்லை. அந்த இடைவெளி ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டேன். "மரியாதைக்காக அக்கா. செத்தவையின்ர பேரை அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது" என்றார். நல்ல மனம்தான். ஆனால் ஊரின் பெயருக்கும் ஆளின் பெயருக்கும் இடையில் நீங்கள் ஒரு மூச்சு விடுகிறீர்கள், தம்பி. அந்த ஒரு மூச்சுக்குள் ரொறன்ரோ முழுக்க எத்தனை வீட்டில் மூச்சு நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இன்று தெரிந்துகொள்வோம்.

எட்வேட், நான் தந்த அந்த நாடாவைப் போடுங்கோ. ஓம், இப்பத்தான். போடுங்கோ.

...

கேட்டீர்களா? அதே வயலின். அதே மெட்டு. நிற்கட்டும், எட்வேட்.

அன்பர்களே, இந்த மண்டபத்தைப் பாருங்கள்! பின்னால் ஓடித் திரிந்த பிள்ளைகளைத் தாய்மார் இழுத்து மடியில் வைத்துவிட்டார்கள். கதைத்துக்கொண்டிருந்தவர் வாய் மூடவில்லை, சொல்லும் வரவில்லை. பல்லுக் குத்திக்கொண்டிருந்த சங்கத் தலைவரின் கை பாதியில் நிற்கிறது. ஒரே ஒருவர் கைதட்டினார். அந்த வெள்ளைக்காரப் பிரதிநிதி! நல்ல இசையென்று நினைத்திருப்பார் பாவம். இந்த மண்டபத்தில் பயமில்லாத ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு விளங்கவில்லை.

என்னம்மா? என்ன கேட்கிறீர்கள்? "ஆர் மோசம் போனது? ஆர் செத்தது?" எந்த ஊர் என்று கேட்கிறார் இன்னொரு அம்மா. "சொல்லுங்கோ பிள்ளை, எந்த ஊரெண்டாவது சொல்லுங்கோ!" எழும்பாதேங்கோ ஐயா, இருங்கோ. ஒருவரும் இல்லை! சத்தியமாக ஒருவரும் இல்லை! அது வெறும் மெட்டு. எட்வேட் பதிந்து தந்த மெட்டு மட்டும். அறிவித்தல் இல்லை. ஒருவரும் போகவில்லை.

இந்த மூச்சு... கேட்டீர்களா நீங்கள் எல்லோரும் சேர்ந்து விட்ட இந்த மூச்சு? இதற்காக என்னை மன்னியுங்கள். உங்களை நோகடித்ததற்கு மன்னியுங்கள். ஆயிரம் பேச்சுப் பேசினாலும் இதை நான் சொல்லிப் புரியவைத்திருக்க முடியாது.

இப்போது ஒன்று கேட்கிறேன். மரியாதையைக் கொஞ்ச நேரம், வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதுபோலக் கழற்றி வையுங்கள். என் மனம் நோகாது. பெட்டி பழுதென்று சொல்லிவிட்டு, பழுதில்லாத பெட்டியை அலுமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? கையை உயர்த்துங்கள்.

ஒருவரும் இல்லையா?

யூஜினி அக்கா உயர்த்திவிட்டார். நன்றி அக்கா. வேறு? அங்கே ஓர் ஐயா. அவருக்குப் பக்கத்தில் அவருடைய மருமகள். பின்வரிசையில் குக்கர் அண்ணை, நீங்களும்தானா? ஓரத்தில் ஒரு வரிசையே உயர்த்துகிறது. ஐயோ, இத்தனை கைகளா! தாய்மார்களே, இது என்ன, இந்தப் பக்கம் முழுவதுமா...

தவமணி அக்கா?

இராசரத்தினம் அண்ணை, முன்வரிசையைப் பாருங்கள். உங்கள் மனைவி கையை உயர்த்தியிருக்கிறார். ஒலிவாங்கியைக் கொஞ்சம் அக்காவிடம் குடுங்கோ. வேண்டாமா? சரி, நீங்கள் சொல்லுங்கள், நான் சபைக்குத் திருப்பிச் சொல்கிறேன். "இவர் ரேடியோவுக்குப் போன கையோட நான் பெட்டியை நிப்பாட்டிப்போடுவன். இவரின்ர கார்ச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் போடுவன்." எத்தனை காலமாக அக்கா? "என்ர பெரியம்மான்ர மகன்ர பேர் வாசிச்ச நாளிலயிருந்து." அறிவித்தல் கேட்டுத்தான் உங்களுக்குத் தெரியுமா? "ஓம். நான் தனியத்தான் நிண்டனான். இவர்தான் வாசிக்கக் குடுத்தவர். இவருக்கு அவனைத் தெரியாது."

அண்ணை, தலையைக் குனியாதீர்கள். உங்களைச் சபையில் வைத்து நோகடிக்க நான் இந்த மேடைக்கு வரவில்லை. அக்கா கை உயர்த்துவார் என்று எனக்குத் தெரியாது, கடவுள் சாட்சியாகத் தெரியாது. ஆனால் உயர்ந்த கை உயர்ந்ததுதான். பனிமுகிலின் பணிப்பாளர் வீட்டிலேயே பனிமுகில் பாடுவதில்லை!

இந்த ஆயிரம் பெட்டியும் எங்கே போகப் போகின்றன என்று இனியும் நான் சொல்ல வேண்டுமா? ஆயிரம் வீட்டுக்குள் போகும். ஆயிரம் குக்கர் போகும். ஆயிரம் ஏரியல் பூட்டப்படும். பிறகு ஒருநாள் அந்த மெட்டு வரும். ஊரின் பெயர் வரும். ஒரு மூச்சு நிற்கும். ஆயிரம் அலுமாரி திறக்கும், ஆயிரம் அலுமாரி மூடும். அந்த ஆயிரம் அலுமாரிகளுக்கும் விலையாக என் பிள்ளை ஓடுகிற தரை போகும்!

நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக வீட்டில் சொல்ல முடியாததை முன்னூறு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். எட்வேட், வீட்டில் சொல்லியிருந்தால் நீங்கள் என்னைச் சமாதானப்படுத்தியிருப்பீர்கள், நானும் சமாதானமாகியிருப்பேன். அதுக்குத்தான் பயம்.

ஆயிரம் பெட்டி வேண்டாம், அண்ணை. வந்தவர்களை இருத்தி வைப்போம். பந்தியில் கசந்ததை முதலில் பார்ப்போம். மரண அறிவித்தலுக்கு மாலையில் ஒரு நேரம் குறிப்போம். அந்த நேரத்தில் கேட்க விரும்புகிறவர் கேட்கட்டும், துணைக்கு ஆளை வைத்துக்கொண்டு கேட்கட்டும். கேட்க முடியாதவர் மூடிவைக்கட்டும். மற்ற நேரமெல்லாம் பயமில்லாமல் உங்கள் குசினியில் நாங்கள் பாடுவோம். அந்த மெட்டை எடுத்துவிடுவோம். பிரியந்தன் தம்பி, ஊரின் பெயருக்கு முன்னாலே ஆளின் பெயரைச் சொல்லுங்கள். முதலில் பெயர். இடைவெளி விடாமல் பெயர். அதுவும் மரியாதைதான். இங்கே யாருக்காவது தெரிந்த ஒருவர் இறந்தால், வாசிக்குமுன்னே அந்த வீட்டுக்கு யாராவது ஒருவர் போய்க் கதவைத் தட்டட்டும். நான் போகிறேன். ஏரியல் பூட்டக் கொடுக்கிற கூலியை விட அது குறைந்த செலவு.

இவற்றைச் செய்தால் வானொலி தப்பிவிடுமா? எனக்குத் தெரியாது. விளம்பரக்காரர் விலகலாம். வேறொரு வானொலி இரண்டு குக்கர் தரலாம். அடுத்த கார்த்திகைக்கு நான்காம் ஆண்டு விழா நடக்குமா, இந்த மண்டபத்துக்கு வாடகை கட்ட முடியுமா, எதுவும் எனக்குத் தெரியாது. என் பயம் போகவில்லை, அன்பர்களே. ஆனால் இனி உங்கள் பயத்தை விற்று என் வீட்டைக் காப்பாற்ற மாட்டேன். உங்கள் பயத்தை வாங்க என் வீட்டை விற்கவும் மாட்டேன்.

அண்ணை பேனையை எடுத்துவிட்டார். மூடியைக் கழற்றவில்லை. கையில் வைத்துக்கொண்டு தவமணி அக்காவைப் பார்க்கிறார். பாருங்கள் அண்ணை. நன்றாகப் பாருங்கள். பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று பிரியந்தன் தம்பி மணிக்கூட்டைக் காட்டுகிறார். 'எழுப்பிப் பேசுங்கோ' என்று அனுப்பியவரிடம் இப்படிப் பேசிவிட்டு இறங்குகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள், தம்பி. பேசவிட்ட தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், உண்மையைச் சொல்லக் கை உயர்த்திய தாய்மாருக்கும் என் நன்றி. விளங்காமலே விடாமல் கைதட்டிய அந்தக் கனவானுக்கும் நன்றி. வெளியே போகும்போது யாராவது அவருக்கு விளங்கப்படுத்திவிடுங்கள்.

விடைபெறுமுன், எங்கள் வானொலியின் வழக்கப்படி ஓர் அறிவித்தல். பயப்படாதேங்கோ, நான் சொன்ன மாதிரியே பெயரைத்தான் முதலில் சொல்லுவன்.

மக்டலீன் எட்வேட். இளவாலையைப் பிறப்பிடமாகவும், மில்லிக்கனை வதிவிடமாகவும் கொண்டவர். "சீ, அப்படிச் சொல்லாதேங்கோ" என்று கத்தாதீர்கள் அம்மா, முடிக்க விடுங்கள். மக்டலீன் எட்வேட் இன்று மாலை, உங்கள் எல்லோருக்கும் முன்னால், பயந்துகொண்டு, நடுங்கிக்கொண்டு, உயிரோடு இருக்கிறார். இந்த அறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

வணக்கம்.